ஓடத் தொடங்குமுன் காலைக் கேளுங்கள்

சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் முதலில் நடப்பது மரதன் ஓட்டம். பெரட்டுக்களத்தில் விசில் ஊதியவுடன் இளைஞர்கள் பாய்ந்து புறப்படுவார்கள். சிலர் வெறுங்கால். சிலர் பாட்டா செருப்பு. ஒருவர் அண்ணனிடம் இரவல் வாங்கிய சப்பாத்து. முதல் வளைவு வரையில் எல்லோரும் வீரர்களே. இரண்டாவது ஏற்றத்தில் பாதிப்பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இறக்கத்தில் ஒருவர் காலை மடக்கி விழுவார். மாலையில் கயிறிழுத்தல் முடிந்து வீடு திரும்பும்போது அவர் கணுக்கால் கொழுக்கட்டைபோல் வீங்கியிருக்கும்.

விழா ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணுக்காலோடு மறுநாள் எப்படிப் பால் வெட்டப் போவது? எப்படிக் கொழுந்து மலை ஏறுவது? போகாவிட்டால் பேர் இல்லை. பாதியில் திரும்பினால் அரைப் பேர். அலுவலகத்தில் நாற்காலியில் இருந்து வேலை செய்பவருக்குக் காலில் அடிபட்டால் அது ஒரு தொந்தரவு. காலால் உழைத்துச் சாப்பிடும் நமக்கோ அது அடுப்பைத் தொடுகின்ற விடயம்.

ஆகவே ஓட வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஓடுங்கள். ஆனால் காலைக் கெடுத்துக்கொள்ளாமல் ஓடத் தொடங்குவது எப்படி என்பதை முதலில் தெரிந்துகொள்வோம்.

இடம் மாறியது, உடம்பும் மாறியது

2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புலத்கொஹுபிட்டிய களுபஹனவிலும் மலை சரிந்தது. மறு ஆண்டு மே மாதம் இரத்தினபுரி மாவட்டத்தை வெள்ளம் மூடியது. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்தது. ஒவ்வொரு முறையும் குடும்பங்கள் வீட்டை, மரக்கறித் தோட்டத்தை, பால் மாட்டை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. முகாமிலும் உறவினர் வீட்டிலும் காலம் கழித்த பின் பலர் வீதியோரப் புதுக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள்.

அங்கே ஒரு மாற்றம் சத்தமின்றி நடக்கிறது. தண்ணீருக்கு, விறகுக்கு, வேலைக்கு என்று நாள் முழுதும் ஏறி இறங்கிய கால்கள் இப்போது பஸ்ஸுக்காகக் காத்து நிற்கின்றன. மண்ணைக் கொத்திய கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. உடம்பு கனக்கிறது. கிளினிக்கில் சீனி, பிரசர் என்ற சொற்கள் காதில் விழுகின்றன. இரவில் மழை பெய்தால் நித்திரை வருவதில்லை.

ஓட்டம் இதற்கெல்லாம் முழு மருந்தாகாது. ஆயினும் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் கட்டுப்படுத்தவும், நித்திரைக்கும், மனப் பாரத்தைக் குறைக்கவும் ஒழுங்கான உடற்பயிற்சி உதவும் என்பதை மருத்துவம் உறுதியாகச் சொல்கிறது. அதற்குக் காணி வேண்டாம், கடன் வேண்டாம். கால் மட்டும் நலமாக இருக்க வேண்டும்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

“நாங்கள் மலை ஏறி இறங்கிய ஆட்கள். எங்களுக்கு ஓட்டம் பெரிய காரியமா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நடைக்கும் ஓட்டத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நடக்கும்போது எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்கும். ஓடும்போது ஒரு கணம் இரண்டு கால்களும் அந்தரத்தில் இருக்கும். பிறகு முழு உடம்பும் ஒரு காலில் வந்து இறங்கும். அப்போது அந்தக் காலில் விழும் தாக்கம் உடல் நிறையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோ நிறையுள்ள ஒருவர் மெதுவாக ஒரு கிலோமீற்றர் ஓட 1,200 முதல் 1,400 அடிகள் வைக்கிறார். ஒவ்வொரு காலும் 600 அல்லது 700 தடவை நிலத்தில் மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் 100 முதல் 150 கிலோ.

இந்தச் சுமைக்கு உடம்பு பழகும். ஆனால் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இருதயமும் மூச்சும் சில கிழமைகளில் பழகிவிடும். தசைகள் அடுத்ததாகப் பலப்படும். தசையை எலும்போடு இணைக்கும் நாண்களுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். புதிய சுமை வந்தால் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது. அதன் பிறகுதான் புதிதாகக் கட்டுகிறது. பழைய சுவரை இடித்துப் புதிய சுவர் எழுப்புவது போன்ற வேலை அது. இடித்த சுவர் எழும்புவதற்குள் மேலும் மேலும் பாரம் ஏற்றினால் வெடிப்பு விழும்.

புதிதாக ஓடுபவருக்கு மூன்றாம், நான்காம் கிழமையில் ஆபத்து வருவது இதனால்தான். அப்போது மூச்சு வாங்குவது குறைந்திருக்கும். “இனிப் பயமில்லை” என்று தூரத்தை இரட்டிப்பாக்குவார். மூச்சு சம்மதித்தது, எலும்பு இன்னும் சம்மதிக்கவில்லை. கால் வலி அங்கேதான் ஆரம்பம்.

1960, ரோம் நகரில்

வெறுங்காலோடு ஓடலாமா என்பது நம்மிடையே அடிக்கடி எழும் கேள்வி. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் எதியோப்பிய நாட்டின் அபேபே பிக்கிலா 42 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மரதனை வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். நேரம் 2 மணி 15 நிமிடம் 16 விநாடி. அது உலக சாதனை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் அன்றைக்குத்தான் சப்பாத்தைக் கழற்றியவர் அல்லர். வெறுங்காலோடு ஓடிப் பயிற்சி செய்து பழகியவர். நான்கு ஆண்டுகளின் பின் டோக்கியோவில் அதே மனிதர் சப்பாத்து அணிந்து ஓடி, மீண்டும் தங்கம் வென்றார். கால் எதற்குப் பழகியதோ அதில் ஓடுவதுதான் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

அதே ரோம் ஒலிம்பிக்கில் நியூசிலாந்தின் பீற்றர் சினெல் 800 மீற்றரிலும், மரே ஹால்பேர்க் 5,000 மீற்றரிலும் தங்கம் பெற்றார்கள். இருவருக்கும் பயிற்சி அளித்தவர் ஆதர் லிடியாட். இவர் சப்பாத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த தொழிலாளி. இளமையில் ஒரு நண்பருடன் ஐந்து மைல் ஓடப்போய் மூச்சுத் திணறிப்போனவர். அந்த அனுபவத்துக்குப் பிறகு தன் உடம்பையே சோதனைக்களமாக வைத்துப் பல ஆண்டுகள் ஓடி ஓடிக் கற்றார். 1960களின் தொடக்கத்தில் ஒக்லாந்து நகரில், இருதய நோய் கண்டவர்களையும் நடுத்தர வயதினரையும் சேர்த்து மெதுவோட்டக் குழுக்கள் நடத்தினார். பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும் என்பதே அந்த ஓட்டத்தின் அளவுகோல். பேச முடியவில்லையா, வேகம் அதிகம். நடையாக மாற்றுங்கள். கடிகாரம் இல்லாதவருக்கும் பொருந்தும் அளவுகோல் இது.

பத்துக் கிழமைத் திட்டம்

கிழமைக்கு மூன்று நாட்கள் மட்டும் ஓடுங்கள். இரண்டு நாட்கள் தொடர்ந்து ஓட வேண்டாம். எலும்பு தன்னைக் கட்டிக்கொள்வது ஓய்வு நாளில்தான். ஒவ்வொரு முறையும் முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் நடை. இடையில் பின்வருமாறு:

முதல் இரண்டு கிழமை: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படி 8 தடவை.

3ஆம், 4ஆம் கிழமை: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 6 தடவை.

5ஆம், 6ஆம் கிழமை: 4 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 4 தடவை.

7ஆம், 8ஆம் கிழமை: 6 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 3 தடவை.

9ஆம், 10ஆம் கிழமை: 10 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. 2 தடவை.

இதன் பிறகு 20 நிமிடம் நிறுத்தாமல் மெதுவாக ஓடலாம். ஒரு கட்டம் கடினமாக இருந்தால் அதே கட்டத்தில் இன்னும் ஒரு கிழமை இருங்கள். யாரும் உங்களைத் துரத்தவில்லை. கையில் கடிகாரமோ தொலைபேசியோ இல்லாவிட்டால் 150 அடி ஓட்டத்தை ஏறக்குறைய ஒரு நிமிடமாக எண்ணிக்கொள்ளுங்கள். நாள் முழுதும் கொழுந்து பறித்து அல்லது கான் வெட்டிக் கால் சோர்ந்த அன்று ஓட்டத்தை விடுங்கள். மலையில் செய்த வேலையும் காலுக்குச் சுமைதான்.

ஓடாத நாட்களில் இஸ்தோப்புப் படியில் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை மெல்ல உயர்த்தி மெல்ல இறக்குங்கள். 10 தடவையில் தொடங்கிப் 15 வரை கூட்டலாம். பிறகு ஒற்றைக்காலில் 30 விநாடி நில்லுங்கள். கெண்டைக்காலும் கணுக்காலும் உறுதிப்பட இவை உதவும்.

எங்கே ஓடுவது, எதை அணிவது

தொடக்கத்தில் சமமான மண் தரை நல்லது. பாடசாலை மைதானமோ பெரட்டுக்களமோ போதும். குன்றும் குழியுமான குறுக்குப் பாதையில் கணுக்கால் மடங்கும். தோட்ட ரோட்டில் ஓடினால் ஏற்றத்தில் ஓடி இறக்கத்தில் நடந்து வாருங்கள். முழங்காலுக்கும் தொடைக்கும் அதிக அடி கொடுப்பது இறக்கம். தார் வீதியில் ஓட நேர்ந்தால் எதிரே வரும் வாகனம் தெரியும்படி வலப்பக்கமாக ஓடுங்கள்.

இறப்பர் மலையில் சருகு மூடிய பாதையை இருட்டில் தவிர்க்க வேண்டும். கோப்பி விரியன் சருகோடு சருகாகக் கிடக்கும். அதன் கடி பெரும்பாலும் பாதத்தில்தான் விழும். கடித்தால் வெட்டவோ கட்டவோ கூடாது. காலை அசைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செருப்போடு ஓடாதீர்கள். அது நழுவாமல் இருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் பாதம் நோகும், தடுக்கியும் விழுவோம். விலை கூடிய சப்பாத்து தேவையில்லை. ஆனால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் கழன்று வரக் கூடாது. அடிப்பகுதி ஒருபக்கமாகத் தேய்ந்த பழைய சப்பாத்து வேண்டாம். மழையில் நனைந்தால் உள்ளே கடதாசி திணித்துக் காய வையுங்கள். ஈரச் சப்பாத்தில் ஓடினால் கொப்புளமும் சேற்றுப்புண்ணும் வரும்.

சப்பாத்து வாங்க முடியாத பிள்ளை வெறுங்காலோடு ஓடிப் பழகியிருந்தால், கல்லும் கண்ணாடியும் இல்லாத மைதானத்தில் ஓடட்டும். முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, வெட்டுக்காயம் உண்டா என்று பாருங்கள். ஆணி குத்தினால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியசாலையில் கேளுங்கள். மலங்கழித்த ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு பாதத்தின் வழியாகவே உடம்பில் புகும். இலங்கைத் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்கும் இயக்கம் 1916இலேயே தொடங்கிவிட்டது. இரத்தத்தை உறிஞ்சும் இந்தப் புழு சோகையைத் தரும். சோகை உள்ளவருக்கு ஓட்டம் என்ன, ஏற்றமே மூச்சு வாங்கும்.

எந்த வலி என்ன சொல்கிறது?

இரண்டு கெண்டைக்கால்களும் தொடைகளும் ஒரேமாதிரி நோவது, இரண்டு மூன்று நாளில் தணிவது, புதிய வேலைக்குத் தசை பழகும் வலி. பயப்பட வேண்டாம்.

முன்கால் எலும்பின் உட்பக்கம் நீளமாக வலித்தால், அளவுக்கு மிஞ்சி ஓடிவிட்டீர்கள். வலி போகும்வரை நடை மட்டும். அதே எலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் இடம் மட்டும் வலித்தால், இரவிலும் வலித்தால், எலும்பில் மயிர்க்கீறல் வெடிப்பு இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் முள் குத்துவதுபோல் இருந்தால், உள்ளங்காலின் தடித்த நாருக்குச் சிரமம் கொடுத்திருக்கிறீர்கள். குதிகாலின் பின்னால் கயிறுபோல் இருக்கும் நாண் வலித்துத் தடித்தால் ஏற்றத்தில் ஓடுவதை நிறுத்துங்கள். முழங்கால் சிரட்டையைச் சுற்றி, இறக்கத்திலும் படி இறங்கும்போதும் வலித்தால் தூரத்தைக் குறையுங்கள்.

பொதுவான விதி இது: ஓட ஓடக் கூடும் வலியும், நொண்ட வைக்கும் வலியும், மறுநாளும் குறையாத வலியும் “நிறுத்து” என்ற கட்டளை. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது, தீ எரியும்போது மணியை நிறுத்துவதற்குச் சமம்.

சபரகமுவ மக்கள் மறக்கக் கூடாத இன்னொன்று உண்டு. காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுமையாக வலித்தால் அது ஓடிய வலி என்று எண்ணி வீட்டில் படுத்திருக்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஆரம்பிக்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்கள் இந்நோய் அதிகம் காணப்படும் இடங்கள். காலில் வெட்டுக்காயத்தோடு வயல் சேற்றிலோ, வெள்ளத்திலோ, மாணிக்கக் குழியிலோ இறங்கியிருந்தால் அதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சேற்றில் வேலை செய்பவர்களுக்கான தடுப்பு மாத்திரை பற்றிப் பொது சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்கலாம்.

கால் சுளுக்கினால்

எண்ணெய் போட்டு உருவுவது நமது வழக்கம். முதல் இரண்டு நாட்களில் அதைச் செய்ய வேண்டாம். உள்ளே அறுந்த நாரிலிருந்து இரத்தம் கசியும்போது உருவினாலும் சூடு வைத்தாலும் வீக்கம் கூடும். காலுக்கு ஓய்வு கொடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் அல்லது குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 15 நிமிடம் வைத்து எடுங்கள். சில மணிக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். விரல்கள் மரத்துப்போகாத அளவில் துணியால் சுற்றிக் கட்டுங்கள். படுக்கும்போது தலையணை வைத்துக் காலை உயர்த்துங்கள்.

எலும்பு முறிந்ததா என்று எப்படி அறிவது? கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992இல் எளிய விதி ஒன்றை வகுத்தார்கள். இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அதன் சாரம் இது: அடிபட்டவர் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டால், அல்லது கணுக்காலின் இரு பக்க எலும்பு முனைகளின் பின் ஓரத்தை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதி எலும்பை அழுத்தி வலித்தாலும் அப்படியே. அப்படியானால் உருவுகிறவரிடம் போகாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

மீண்டும் ஓட அவசரப்படாதீர்கள். நொண்டாமல் அரை மணி நேரம் நடக்கவும், அடிபட்ட காலால் பத்துத் தடவை நொண்டிக் குதிக்கவும் வலியின்றி முடிந்த பின், திட்டத்தின் முதல் கிழமையிலிருந்து தொடங்குங்கள்.

யார் முதலில் வைத்தியரைக் காண வேண்டும்?

நெஞ்சு வலி, மயக்கம், இருதய நோய், பிரசர், சீனி, முட்டு வருத்தம் உள்ளவர்களும், கர்ப்பிணித் தாய்மாரும், 40 வயதைத் தாண்டிப் பல காலம் சும்மா இருந்தவர்களும் முதலில் கிளினிக்கில் கேட்க வேண்டும். சீனி உள்ளவர் வெறுங்காலோடு ஓடவே கூடாது. காலில் காயம் பட்டாலும் அவருக்கு உறைக்காமல் போகலாம்.

வெயிலும் ஓர் எதிரி. 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்தச் செய்தி எந்தப் பெற்றோரின் மனதையும் உலுக்கும். ஓட்டத்தை அதிகாலையில் அல்லது பின்னேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஓடுமுன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். காய்ச்சலோடு ஓடாதீர்கள். யாராவது தள்ளாடினால், பிதற்றினால், நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறியபடியே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். புத்தாண்டு விழா நடத்தும் இளைஞர் கழகங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே போட்டியை அறிவித்தால், பிள்ளைகள் பழகிக்கொண்டு வருவார்கள்.

பெண் பிள்ளைகளையும் ஓட விடுங்கள்

“குமர்ப்பிள்ளை ரோட்டில் ஓடுவதா?” என்ற கேள்வி இன்னும் கேட்கிறது. கேகாலை மாவட்டத்தில், வரக்காபொல பகுதிக் கிராமம் ஒன்றில் வசதியற்ற குடும்பத்தில் 1975இல் பிறந்த ஒரு பெண் பிள்ளை அப்படி ஓடினாள். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாள். முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்துக் குற்றத்தால் பதக்கத்தை இழந்தபோது, சுசந்திகா ஜயசிங்கவுக்கு வெள்ளிப் பதக்கம் உரித்தாயிற்று. 1948இல் டங்கன் வைற் பெற்ற பதக்கத்துக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது.

எல்லாப் பிள்ளையும் சிட்னிக்குப் போகப் போவதில்லை. அது தேவையும் இல்லை. நான்கு தாய்மாரும் அவர்களுடைய மகள்மாரும் சேர்ந்து பின்னேரம் மைதானத்தைச் சுற்றினால் பயமும் இல்லை, பேச்சும் குறையும். பேசிக்கொண்டே ஓடுவதுதானே நமது அளவுகோல்!

மலை சரிந்த இரவில் இந்தக் கால்கள்தான் நம்மையும் பிள்ளைகளையும் கீழே கொண்டுவந்து சேர்த்தன. அவற்றுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவற்றை மெதுவாகப் பழக்குவோம், வலித்தால் கேட்போம், ஓய்வு கொடுப்போம். அடுத்த சித்திரையில் விசில் ஊதும்போது முதல் வளைவில் பின்னால் நின்றாலும் பரவாயில்லை. ஓட்டத்தை முடித்துவிட்டு, மறுநாள் காலையில் பெரட்டுக்கு நொண்டாமல் நடந்து போவதே நமக்கு வெற்றி.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது குடியிருப்புக்கு அருகில் பாதுகாப்பாக ஓடக்கூடிய சமமான தரை எங்கே இருக்கிறது? அதைத் துப்புரவாக்க யார் யார் சேரலாம்?

2. இடம் மாறி வந்த பின் நமது நடையும் உழைப்பும் எவ்வளவு குறைந்துள்ளன? அதனால் உடலிலும் மனதிலும் என்ன மாற்றம் கண்டோம்?

3. கால் சுளுக்கினால் நாம் இதுவரை செய்துவந்தவற்றில் எதைத் தொடரலாம்? எதை விட வேண்டும்?

4. அடுத்த புத்தாண்டு விழா மரதனில் எவரும் விழுந்து மயங்காமல் இருக்க, விழாக் குழுவிடம் எவற்றைக் கேட்கப் போகிறோம்?